சந்திரசேகர் தேர்ந்த பாதை

நுழையும்முன்

கற்றவர் தம் அறிவைப் பிறந்த மண்ணுக்கே தர வேண்டும் என்பது ஓர் அறம். பெற்ற அறிவு முழுமையாக வளரும் இடத்தில் இருந்து உழைக்க வேண்டும் என்பது மற்றோர் அறம். இவ்விரண்டும் ஒரு மனிதர்முன் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது எதைத் தேர்வது என்பது எளிதில் விடை காண முடியாத வினாவாகும். விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் கணித்துச் சொன்ன சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் இருபத்தைந்தாம் வயதில் இவ்வினாவை எதிர்கொண்டார். அவர் எடுத்த முடிவும், அதற்கு அவர் கொடுத்த விலையும், அதனால் உலகம் பெற்ற பயனும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

குடும்பமும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் அரசின் தணிக்கை, கணக்குத் துறையில் உயர் அலுவலராகப் பணியாற்றியவர். கருநாடக இசையில் ஆழ்ந்த புலமை உடையவர். தாய் சீதாலட்சுமி பள்ளிக்கல்வியை நெடுநாள் பெறாவிடினும் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்து, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கும் அளவுக்கு உயர்ந்தவர். பத்துக் குழந்தைகள் பிறந்த அக்குடும்பத்தில் சந்திரசேகர் மூன்றாவது குழந்தை; ஆண்மக்களுள் மூத்தவர். இந்தியாவுக்கு இயற்பியலில் முதல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த சர் சி. வி. இராமன் அவருடைய சிறிய தந்தையார்.

1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டிலேயே தொடக்கக் கல்வி கற்ற சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அவருடைய மனம் கணிதத்தையே நாடியது. மகன் ஆட்சிப்பணித் தேர்வு எழுத வேண்டும் என்று விரும்பிய தந்தை இயற்பியலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சந்திரசேகர் இயற்பியல் மாணவராகச் சேர்ந்தார். எனினும் கணித வகுப்புகளைத் தேடிச் சென்று கேட்டார். தன் மனம் விரும்புவதையே மகன் செய்யட்டும் என்று அவருக்குத் துணை நின்றவர் தாய்.

1928இல் செருமானிய அறிஞர் அர்னால்டு சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவருடைய நூலை முழுமையாகக் கற்றிருந்தார். அந்த நம்பிக்கையோடு அவரைத் தனியே சென்று கண்டார். அந்நூலில் உள்ள கருத்துகள் பழையவை ஆகிவிட்டன என்றும், குவாண்டம் இயங்கியல் இயற்பியலையே மாற்றிவிட்டது என்றும் அறிஞர் எடுத்துரைத்தார். இதைக் கேட்டுச் சோர்வடையாத அம்மாணவர் புதிய கொள்கையைத் தாமே கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய ஆய்வுக்கட்டுரை இலண்டன் வேந்தியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் இளநிலை வகுப்பு மாணவரே.

கடலில் பிறந்த கணக்கு

1930இல் பட்டம் பெற்ற சந்திரசேகருக்குக் கேம்பிரிட்சில் ஆய்வு செய்ய இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் கடுமையாக நோயுற்றிருந்தார். நோயுற்ற தாயை விட்டு மூத்த மகன் கடல் கடந்து செல்வது முறையா என்று உறவினர் தயங்கினர். அத்தயக்கத்தை நீக்கியவர் தாயே ஆவார். மகன் தனக்கு மட்டும் உரியவன் அல்லன், உலகுக்கும் உரியவன் என்னும் எண்ணம் கொண்ட அவர், தம் பொருட்டு அவன் நின்றுவிடக் கூடாது என்று வற்புறுத்தி வழியனுப்பினார்.

1930 சூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. பத்தொன்பது வயது இளைஞர் பயண நாள்களில் கையில் தாளும் எழுதுகோலுமாக ஒரு கணக்கில் ஈடுபட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்னவாகும் என்பதே அக்கணக்கு. தன் ஈர்ப்பினால் சுருங்கும் விண்மீனை அதனுள் நெருக்கமாக அடைபட்ட எலக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கிநிற்கும். அவ்வாறு அது வெண்குறு விண்மீனாக அமைதி அடையும் என்று கேம்பிரிட்சு அறிஞர் ஃபவுலர் முன்பே விளக்கியிருந்தார். எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைச் சந்திரசேகர் உணர்ந்தார். சேர்த்துக் கணக்கிட்டபோது எதிர்பாராத விடை கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட நிறை எல்லையைத் தாண்டிய விண்மீனை எலக்ட்ரான் அழுத்தத்தால் தாங்க இயலாது. அது வெண்குறு விண்மீனாக அமைதி அடையாமல் மேன்மேலும் சுருங்கும். கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் நிறுவப்பட்ட அவ்வெல்லை இன்று சந்திரசேகர் எல்லை என அழைக்கப்படுகிறது.

கேம்பிரிட்சில் ஃபவுலரின் வழிகாட்டுதலில் ஆய்வு தொடங்கியது. ஓராண்டு நிறைவதற்குள், 1931 மே மாதத்தில், தாய் இறந்த செய்தி வந்து சேர்ந்தது. தந்தையும் உடன்பிறந்தோரும் சென்னையில் துயருற்றிருக்க, அயல்மண்ணில் தனியாக அவர் அத்துயரைத் தாங்கினார். துயரை அவர் உழைப்பாக மாற்றிக்கொண்டார். காட்டிங்கன், கோபன்ஹேகன் ஆகிய நகரங்களில் இருந்த அறிஞர்களிடமும் சென்று கற்றார். 1933இல் முனைவர் பட்டமும் அதே ஆண்டில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. கணித மேதை இராமானுசன் 1918இல் பெற்ற பெருமை அது. அவருக்குப் பின் அதைப் பெற்ற இந்தியர் சந்திரசேகரே.

ஏற்கப்படாத உண்மை

திரினிட்டியில் கிடைத்த நான்கு ஆண்டுகளுள் முதற்பகுதியைச் சந்திரசேகர் தம் கண்டுபிடிப்பை ஐயமற நிறுவுவதற்குச் செலவிட்டார். அக்காலத்தில் கணினி இல்லை. கையால் இயக்கும் கணக்கிடும் பொறியின் துணையோடு ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியே நீண்ட கணக்குகளைச் செய்து முடித்தார். அப்பணி வளர்வதை நாள்தோறும் ஆர்வத்தோடு விசாரித்தவர்களுள் ஒருவர் ஆர்தர் எடிங்டன். ஐன்ஸ்டீனின் கொள்கையை உலகறியச் செய்த அவர், அன்றைய வானியலாளருள் தலைமை வாய்ந்தவர்.

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டன் வேந்திய வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளை வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து பேச எழுந்த எடிங்டன், அம்முடிவுகளை அடியோடு மறுத்தார். விண்மீன் இவ்வாறு முடிவின்றிச் சுருங்குவது நகைப்புக்கு உரியது என்றும், அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்றும் அவர் கூறியபோது அவையில் சிரிப்பு எழுந்தது. விடையளிக்க அவ்விளைஞருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த நண்பர்கள் வழியே பெரிய இயற்பியலாளர்களின் கருத்தை வேண்டினார். எடிங்டனின் வாதம் தவறானது என்று தனிப்பட்ட முறையில் அவர்கள் ஒப்புக்கொண்டனர். பொதுவெளியில் அவரை எதிர்த்துப் பேச முன்வரவில்லை. உண்மை தம் பக்கம் இருந்தும் துணைக்கு எவரும் இல்லாத நிலையில் சந்திரசேகர் நின்றார். எடிங்டனோடு அவர் கொண்டிருந்த நட்பும் மதிப்பும் மட்டும் இறுதிவரை குறையவில்லை.

எந்த வாயில்?

திரினிட்டியின் ஆய்வறிஞர் தகுதி 1937இல் முடிவடைய இருந்தது. அதற்குள் நிலையான ஒரு பணியைத் தேட வேண்டிய தேவை எழுந்தது. இங்கிலாந்தில் அத்தகைய பணி கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. அயலவர் என்ற நிலை ஒருபுறம். நாட்டின் தலைமை வானியலாளர் வெளிப்படையாக மறுத்த கொள்கைக்கு உரியவர் என்ற நிலை மறுபுறம். இவ்விரண்டும் அங்கே அவருடைய வழியை அடைத்தன.

தாயகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இராமன், தம் அண்ணன் மகனுக்கு அங்கு உதவிப் பேராசிரியர் பணி அளிக்க விரும்பினார். தந்தையோ மகன் இந்தியா திரும்ப வேண்டும் என்று பெரிதும் விரும்பினார். மனைவியை இழந்த அவர் பல பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். மூத்த மகன் அருகில் இருக்க வேண்டும் என்ற அவருடைய எதிர்பார்ப்பு இயல்பானது, நேர்மையானது.

நாட்டுப்பற்றும் அவரைத் தாயகத்துக்கே அழைத்தது. விடுதலை இயக்கம் எழுச்சி பெற்றிருந்த சென்னையில் வளர்ந்தவர் சந்திரசேகர். இராமானுசன், செகதீசு சந்திரபோசு, சத்தியேந்திரநாத் போசு, மேகநாத் சாகா, இராமன் ஆகியோரின் வெற்றிகளைத் தம் சொந்த வெற்றிகளாகக் கொண்டாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். ஆளப்படும் நாட்டினர் அறிவில் எவருக்கும் குறைந்தவர் அல்லர் என்று மெய்ப்பிப்பதும் ஒரு விடுதலைப் போரே என்று அத்தலைமுறையினர் கருதினர். அத்தகையவருக்கு நாட்டைவிட்டு விலகி வாழ்வது எளிதாகத் தோன்றியிருக்க இயலாது.

எனினும் தயங்குவதற்குக் காரணங்கள் இருந்தன. அன்றைய இந்திய அறிவியல் உலகில் தலைமை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகளும் அணிப்பிரிவுகளும் மிகுந்திருந்தன. பெங்களூரு நிறுவனத்திலும் நிருவாகப் பூசல் முற்றியிருந்தது. அதை ஆராய 1936இல் குழு அமைக்கப்பட்டதும், அடுத்த ஆண்டு இராமன் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகியதும் பின்னர் நிகழ்ந்தவை. சிறிய தந்தையாரின் கீழ்ப் பணியில் சேர்ந்தால், தகுதியால் வந்தவர் என்று கருதப்படாமல் உறவால் வந்தவர் என்று கருதப்படும் நிலையும் ஏற்படலாம். மகன் நாடு திரும்ப வேண்டும் என்று ஏங்கிய தந்தையே, இராமனின் சுற்றுப்பாதைக்குள் சென்றுவிட வேண்டா என்று அறிவுறுத்தினார். தம் விருப்பத்துக்கு எதிரான அறிவுரையைத் தாமே வழங்கிய அத்தந்தையின் நேர்மை போற்றத்தக்கது.

இந்நிலையில் மூன்றாவது வாயில் திறந்தது. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் ஆர்லோ சேப்ளியின் அழைப்பை ஏற்று, 1935 டிசம்பரில் சந்திரசேகர் அமெரிக்கா சென்று சில மாதங்கள் விரிவுரை ஆற்றினார். அவருடைய திறத்தைக் கண்ட ஹார்வர்டு, ஆய்வறிஞராகத் தம்மிடம் வந்து சேருமாறு கேட்டது. அதே பயணத்தில் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு உரிய யெர்க்சு வானாய்வகத்தையும் கண்டார். அதன் இயக்குநர் ஓட்டோ ஸ்துருவே, அங்கு ஆய்வாளர் பணியை அளிக்க முன்வந்தார்.

ஹார்வர்டா, யெர்க்சா என்ற கேள்வி எழுந்தபோது, பெயரும் பெருமையும் ஹார்வர்டின் பக்கமே இருந்தன. யெர்க்சோ விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் அமைந்தது. உலகிலேயே பெரிய ஒளிவிலகல் தொலைநோக்கி அங்கிருந்தது. ஸ்துருவே அவ்வானாய்வகத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். உருசிய உள்நாட்டுப் போரில் அனைத்தையும் இழந்து ஏதிலியாக அமெரிக்கா வந்தவர் அவர். ஒருவர் எந்த நாட்டினர் என்று பாராமல், என்ன செய்ய வல்லவர் என்று மட்டுமே பார்த்தார். நெதர்லாந்தின் கைப்பர், டென்மார்க்கின் ஸ்திராம்கிரன், இந்தியாவின் சந்திரசேகர் ஆகிய மூன்று இளைஞரையும் ஒரே காலத்தில் அவர் அழைத்ததே அதற்குச் சான்றாகும். வானை நோக்குவோரும் கணக்கிடுவோரும் ஓரிடத்தில் இணைந்து பணியாற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்சும் தாமே செய்தி அனுப்பி அவரை அழைத்தார்.

புகழை விடப் பணிச்சூழலையே பெரிதாகக் கருதிய சந்திரசேகர் யெர்க்சைத் தேர்ந்தார். தந்தைக்கு அம்முடிவு மகிழ்ச்சி தரவில்லை. அது நிலையான பிரிவாகும் என்று அன்று தந்தையோ மகனோ எண்ணியிருக்கவில்லை.

தாயகப் பயணம்

1936இல் சந்திரசேகர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அமைந்த அப்பயணத்தில் அவரை எதிர்நோக்கியிருந்தவர் லலிதா. மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஓராண்டு பின்னே இயற்பியல் பயின்றவர். விதவை மகளிர் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்றோர் பார்த்து முடிக்கும் மணங்களே வழக்கமாக இருந்த காலத்தில், ஒருவரை ஒருவர் அறிந்து விரும்பிய அவ்விருவரும் அவ்வாண்டு செப்டம்பரில் மணம் புரிந்தனர். தாமும் ஆய்வில் ஈடுபட வேண்டும் என்ற கனவு லலிதாவுக்கு இருந்தது. கணவரின் பணிக்கு உறுதுணையாக இருப்பதையே பின்னர் அவர் தம் வாழ்வாக்கிக்கொண்டார். சந்திரசேகரின் புகழைப் பேசும்போது அவருடைய தியாகத்தை மறத்தல் ஆகாது.

அப்பயணத்தில் சந்திரசேகர் மற்றொரு பணியையும் நிறைவேற்றினார். இராமானுசனின் நல்ல நிழற்படம் ஒன்று வேண்டும் என்று கேம்பிரிட்சு பேராசிரியர் ஹார்டி அவரிடம் கேட்டிருந்தார். சந்திரசேகர் இராமானுசனின் துணைவியார் சானகியம்மாளைத் தேடிச் சென்று, கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெற்றுவந்தார். இன்று உலகெங்கும் நாம் காணும் இராமானுசனின் முகம் அப்படத்தில் உள்ள முகமே. பிற்காலத்தில் வடிக்கப்பட்ட மார்பளவுச் சிலைக்கும் அதுவே மூலமாயிற்று. தாயகத்தை விட்டுப் புறப்படும் வேளையிலும் தாயகத்தின் செல்வம் ஒன்றைக் காத்துத் தந்தார் அவர்.

ஏரிக்கரையில் இருபத்தேழு ஆண்டுகள்

1937 சனவரியில் யெர்க்சு வாழ்க்கை தொடங்கியது. கடுங்குளிர் நிலவும் அச்சிற்றூரில் இருவரும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தனர். ஆய்வுச் சூழல் அமைந்தது என்பதனால் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. ஆசியர் குடியேறுவதை அமெரிக்கச் சட்டம் அக்காலத்தில் தடுத்திருந்தது. கல்லூரி ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு இருந்தது. இந்தியர் குடியுரிமை பெற 1946 வரை சட்டத்தில் இடமில்லை. நிறவேற்றுமை பல்கலைக்கழகத்துக்குள்ளும் இருந்தது. சிகாகோ வளாகத்தில் நடைபெறும் வானியல் வகுப்பில் சந்திரசேகர் பாடம் நடத்த வேண்டும் என்று ஸ்துருவே திட்டமிட்டபோது, அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி உயர் பொறுப்பிலிருந்த ஒருவர் தடுத்தார். செய்தி ஹட்சின்சுக்கு எட்டியது. சந்திரசேகர் கட்டாயம் பாடம் நடத்த வேண்டும் என்று அவர் ஆணையிட்டார்.

அவருடன் வந்து சேர்ந்த ஸ்திராம்கிரன் 1938இல் தம் நாட்டுக்குத் திரும்பிச் சென்று, தந்தை தலைமை வகித்த கோபன்ஹேகன் வானாய்வகத்தின் பொறுப்பைப் பின்னர் ஏற்றார். ஒரே வாயிலில் நுழைந்த இருவரில் ஒருவர் தாயகம் சென்றார். மற்றவர் அயல்நாட்டில் தங்கினார். இருவருமே வானியலை வளர்த்தனர். ஒருவரின் முடிவை அளவுகோலாகக் கொண்டு மற்றவரை அளத்தல் பொருந்தாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மறுக்கப்பட்ட தம் கொள்கைக்காக வாழ்நாளெல்லாம் வாதிட்டுக்கொண்டிருக்கச் சந்திரசேகர் விரும்பவில்லை. விண்மீன் அமைப்பைப் பற்றிய தம் ஆய்வு முழுவதையும் தொகுத்து 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். அதுவே அவருடைய வழக்கமும் ஆயிற்று. ஒரு துறையில் பல ஆண்டுகள் மூழ்குவார். அதைத் தெளிவாக ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூல் எழுதுவார். பின்னர் அத்துறையை விட்டு அகன்று புதிய துறையில் மாணவரைப்போல் மீண்டும் தொடங்குவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சுப் பரவல், பாய்மங்களின் நிலைப்பாடு, சுழலும் உருண்டைகளின் வடிவம், கருந்துளைகளின் கணிதம் என அவருடைய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1944இல் இலண்டன் வேந்தியக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

மீண்டும் வந்த அழைப்புகள்

பணி பற்றிய முடிவு வாழ்வில் ஒருமுறை மட்டும் எடுக்கப்படுவது அன்று. சந்திரசேகரிடம் அவ்வினா திரும்பத் திரும்ப வந்தது. 1940களில், இந்தியாவில் அடிப்படை ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தை உருவாக்க முனைந்த ஓமி பாபா, அவரைத் தம்மோடு வந்து இணையுமாறு அழைத்தார். பாபா 1939இல் விடுமுறைக்காக இந்தியா வந்து, போர் மூண்டதால் திரும்ப இயலாமல் தங்கி, அத்தங்கலையே நாட்டுப்பணியாக மாற்றிக்கொண்டவர். அவ்வழைப்பில் இருந்த பெருநோக்கைச் சந்திரசேகர் அறிவார். எனினும் அவருடைய ஆய்வு யெர்க்சில் வேரூன்றிவிட்டது. அவர் வரவில்லை.

1946இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், வானியல் அறிஞர் ஹென்றி நாரிஸ் ரசல் வகித்த பதவியை இருமடங்கு ஊதியத்துடன் அளிக்க முன்வந்தது. ஹட்சின்சு அதே ஊதியத்தைச் சிகாகோவிலேயே அளிப்பதாகக் கூறினார். பின்னர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கெல்வின் வகித்த இடத்துக்கு அடுத்து வந்தவர் யார் என்று வினவினார். அப்பெயர் சந்திரசேகருக்குத் தெரியவில்லை. பெரியவர் ஒருவரின் இடத்தை நிரப்புவதில் பெருமை இல்லை. தனக்கென ஓர் இடத்தை உருவாக்கிக்கொள்வதே பெருமை என்பதை அவ்வினா உணர்த்தியது. அவர் சிகாகோவிலேயே தங்கினார். முன்பு ஹார்வர்டை விட்டு யெர்க்சைத் தேர்ந்த அதே மனம் இங்கும் செயற்பட்டதைக் காணலாம்.

1953இல் சந்திரசேகரும் லலிதாவும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர். மகன் ஒருநாள் திரும்புவான் என்ற நம்பிக்கையை விடாதிருந்த தந்தையின் மனத்தை அச்செய்தி வருத்தியது. உலகம் போற்றும் அறிஞருக்கும் இத்தகைய வருத்தத்தை மாற்றும் வழி கிடைப்பதில்லை. தந்தை 1960இல் மறைந்தார்.

ஆசிரியரும் இதழாசிரியரும்

சந்திரசேகர் கற்பித்தலைக் கடமையாக மட்டும் கருதவில்லை. 1940களின் இறுதியில் யெர்க்சிலிருந்து சிகாகோ வளாகத்துக்கு ஏறத்தாழ 80 மைல் தாமே சீருந்து ஓட்டிச் சென்று வகுப்பு நடத்தினார். ஒரு வகுப்பில் சுங்-தாவோ லீ, சென்-நிங் யாங் என்னும் சீன நாட்டு மாணவர் இருவர் பயின்றனர். அவ்விருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அப்பரிசு கிடைத்ததோ அதற்கும் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே. அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தோர் நாற்பதுக்கும் மேற்பட்டோர்.

1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக அவர் பொறுப்பேற்றார். ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை நாடு தழுவிய இதழாகவும், பின் உலகத்தின் முதன்மை இதழாகவும் உயர்த்தினார். பத்தொன்பது ஆண்டுகள் தம் நேரத்தில் பெரும்பகுதியைப் பிறருடைய கட்டுரைகளுக்காகச் செலவிட்ட அவர், அதனிடையே தம் ஆய்வையும் விடவில்லை.

தொலைவிலிருந்து தாயகத்துக்கும் அவர் தொண்டாற்றினார். சென்னையில் வள்ளல் அழகப்பச் செட்டியார் இராமானுசன் பெயரால் ஒரு கணித நிறுவனத்தை நிறுவியிருந்தார். 1957இல் அவர் மறைந்தபின் அந்நிறுவனம் நிதியின்றித் தடுமாறியது. சந்திரசேகர் அதன் நிலையைத் தலைமை அமைச்சர் நேருவிடம் எடுத்துரைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்தை ஏற்றுக்கொள்ள அம்முயற்சி துணையாயிற்று. 1968இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

காலம் தந்த விடை

1935இல் இலண்டன் அவையில் நகைப்புக்கு உள்ளான கொள்கையை வானமே மெய்ப்பித்தது. 1967இல் துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்டன. அவை நியூட்ரான் விண்மீன்கள் எனத் தெளிவாயின. கருந்துளைகள் இருப்பதற்கான சான்றுகளும் தொடர்ந்து வெளிவந்தன. எல்லையைத் தாண்டிய விண்மீன் வெண்குறு விண்மீனாக அமைதி அடைய இயலாது என்று பத்தொன்பது வயது இளைஞர் கப்பலில் கண்ட முடிவு வானியலின் அடிப்படை உண்மைகளுள் ஒன்றாயிற்று.

1983 அக்டோபர் 19ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் பிறந்தநாளில், இயற்பியலுக்கான நோபல் பரிசு தமக்கு அறிவிக்கப்பட்ட செய்தியை அவர் பெற்றார். விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுகளுக்காக, வில்லியம் ஃபவுலர் என்னும் அமெரிக்க அறிஞரோடு அப்பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். எடிங்டனின் நூற்றாண்டையொட்டி அவர் ஆற்றிய உரைகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தம்மை மறுத்தவரையே தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று அந்நூலில் அவர் போற்றினார்.

இறுதிக் காலத்தில் நியூட்டனின் பெருநூலை இன்றைய வாசகருக்கு விளக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். அந்நூல் வெளிவந்த 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் காலமானார். 1999 சூலையில் விண்ணில் செலுத்தப்பட்ட ஊடுகதிர் வானாய்வகத்துக்கு அமெரிக்க விண்வெளி நிறுவனம் சந்திரா எனப் பெயரிட்டது.

தாயகமா, அயல்நாடா என்னும் வினாவுக்குச் சந்திரசேகர் தந்த விடை எல்லார்க்கும் பொருந்தும் விடை அன்று. பாபாவின் விடை வேறு. இராமனின் விடை வேறு. சந்திரசேகரிடம் நாம் கற்கத்தக்கது அவர் முடிவு எடுத்த முறையே. ஊதியத்தையும் புகழையும் முதன்மையாகக் கொள்ளாமல், தம் பணி எங்கே முழுமை பெறும் என்பதையே அவர் எண்ணிப் பார்த்தார். அம்முடிவினால் தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் நேர்ந்த துன்பத்தை மறைக்காமல் ஏற்றார். தேர்ந்த பின் திரும்பிப் பார்த்து வருந்திக்கொண்டிராமல், அறுபது ஆண்டுகள் ஓயாது உழைத்து அத்தேர்வுக்குப் பொருள் தந்தார்.

தெரிந்து தெளிவோம்

வெண்குறு விண்மீன்: எரிபொருள் தீர்ந்தபின் பெரிதும் சுருங்கி, ஏறத்தாழ பூமியின் அளவினதாகிய விண்மீன். கதிரவனும் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப்பின் இந்நிலையை அடையும்.

சந்திரசேகர் எல்லை: வெண்குறு விண்மீன் ஒன்று பெற்றிருக்கக்கூடிய பெரும நிறை. இது கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும்.

கற்பவை கற்றபின்

1. சந்திரசேகருக்கு 1936இல் இருந்த வாய்ப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.

2. மகன் தாயகம் திரும்ப வேண்டும் என்று விரும்பிய தந்தையின் நிலையில் உங்களைக் கருதிக்கொண்டு, சந்திரசேகருக்குக் கடிதம் ஒன்று எழுதுக.

3. உயர்கல்விக்காக வெளிநாடு சென்று திரும்பியோர், அங்கேயே தங்கிப் பணியாற்றுவோர் ஆகியோரின் பங்களிப்பைப் பற்றி இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதுக.